கட்டில் நுழைந்த வாசல்

அந்தப் பழைய வாசலின் இரண்டு நிலைக்கால்களிலும், என் இடுப்பு உயரத்தில், மரம் குழிந்து போயிருக்கும். நல்ல வைரம் பாய்ந்த வேப்பமரத்து நிலை. உளி வைத்துச் செதுக்கிய பள்ளம் என்றுதான் புதிதாகப் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அது கயிற்றுக் கட்டிலின் கால்கள் இடித்து இடித்து விழுந்த பள்ளம். ஏரியூர் பக்கத்தில் மலையோரத்து ஊர்களிலிருந்து நடக்க முடியாதவர்களைக் கட்டிலோடுதான் தூக்கி வருவார்கள். கட்டில் அகலம், வாசல் குறுகல். நேராக நுழையாது. ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் தாழ்த்தி, சாய்த்துத்தான் உள்ளே தள்ளவேண்டும். ஒவ்வொரு தடவையும் கட்டில் கால் நிலையில் இடிக்கும். மேலே படுத்திருப்பவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்துவார். அந்தச் சத்தமெல்லாம் சேர்ந்து மரத்தில் இறங்கியது போல எனக்குத் தோன்றும்.

நான் அந்த வாசலை முதன்முதலில் பார்த்தது படுத்துக்கொண்டு. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் காரிமங்கலத்திலிருந்து ஓடியவன் நான். லாரியில் கிளீனராகப் போனேன், பெங்களூரில் கட்டட வேலை பார்த்தேன், பிறகு போர்வெல் வண்டியில் சேர்ந்து ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று மண்ணைத் துளைத்துக்கொண்டே திரிந்தேன். ஏரியூர் பக்கம் ஒரு காட்டில் போர் போட வந்தபோது இரும்புக் குழாய் ஒன்று காலில் விழுந்தது. கூட இருந்தவர்கள் சிமெண்ட் சாக்கைக் கிழித்துக் கட்டி, ரோட்டோரத்து ஆஸ்பத்திரியின் முன்னால் பெஞ்சில் படுக்கவைத்துவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனார்கள். அடுத்த ஊரில் வண்டிக்கு வேலை இருந்தது, போய்விட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. போர்வெல் வண்டி யாருக்காகவும் நிற்காது.

பெஞ்சில் படுத்திருந்தபோதுதான் ஒரு கட்டில் வந்தது. நான்கு பேர் ஓட்டமும் நடையுமாகத் தூக்கி வந்தார்கள். மேலே ஒரு பெண், பிரசவ வலி. வாசலில் வழக்கம்போல் சாய்த்தார்கள். அந்த வாசலின் படியும் உயரம். முன்னால் தூக்கியவன் தடுக்கி விழ, கட்டில் நட்டுக்குத்தலாக நின்றது. அந்தப் பெண் கயிற்றை விட்டுவிட்டு நிலைக்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து ஒரு அம்மாள் பாய்ந்து வந்து தன் தோளைக் கட்டிலுக்கடியில் கொடுத்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட, "வாசலாய்யா இது, எலிப்பொறி! தூக்கு, தூக்கு, அவ காலப் பாரு!" என்று கத்தினார். டாக்டரம்மா என்று அப்போது எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் உள்ளே குழந்தை அழுதது. வெளியே வந்தவர் என் காலைக் கட்டியிருந்த சாக்கைப் பார்த்துவிட்டு, "உனக்கு இது யாரு கட்டுனது? சிமெண்டுக்காரன்தான் வைத்தியனா?" என்று கேட்டார்.

கால் ஆறுவதற்குள் அங்கேயே ஒட்டிக்கொண்டேன். மோட்டார் போடுவது, ஜெனரேட்டர் பார்ப்பது, கருவிகளைக் கொதிக்க வைப்பது, டாக்டரம்மாவின் பழைய ஜீப்பை ஓட்டுவது. நான் எந்த ஊரிலும் இவ்வளவு காலம் தங்கியதில்லை. டாக்டரம்மாவுக்குக் கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகும். கோட்டுப் பையில் எப்போதும் வறுத்த வேர்க்கடலை இருக்கும். நோயாளியைத் திட்டி முடித்ததும் ஒரு கை கடலையை எடுத்து நீட்டுவார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. சேலத்துக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிறந்த வீட்டில் யாரும் மிச்சமில்லை. தீபாவளி, பொங்கலுக்கு அவருக்கு எங்கிருந்தும் ஒரு புடவை வந்து நான் பார்த்ததில்லை. அதை அவர் ஒரு குறையாகச் சொல்லியும் கேட்டதில்லை. ஆனால் ஊர்ப் பெண்கள் அதைக் கவனித்து வைத்திருந்தார்கள் என்பது பின்னால் தெரிந்தது.

நான் வந்து ஐந்தாறு வருஷம் ஆனபோதுதான் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கான சட்டம் கடுமையானது. சட்டம் ஏற்கெனவே இருந்ததாம், இப்போது விதிகளும் வந்து, ஊசி போடுகிற ஒற்றை அறையிலிருந்து மாடி ஆஸ்பத்திரி வரைக்கும் எல்லோரும் பதிவு செய்தே ஆகவேண்டும், அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பார்கள் என்று ஆயிற்று. பக்கத்து ஊரில் பஸ் நிற்கிற இடத்தில் படிக்காமலே ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒருவர் பலகையைக் கழற்றிவிட்டு அதே அறையில் பெட்டிக்கடை வைத்தார். அது ஒரு விதத்தில் நல்ல காரியம், அவருடைய பீடா நன்றாக இருந்தது. படித்த டாக்டர்களும் முணுமுணுத்தார்கள். கூட்டம் போட்டார்கள். டாக்டரம்மாவும் போனார். ஜீப்பில் திரும்பும்போது, "இந்த விதியெல்லாம் வேணாம்னு கையெழுத்துக் கேட்டாங்க. டீ குடிச்சிட்டு வந்துட்டேன்" என்றார். கொஞ்ச தூரம் போனதும் அவரே ஆரம்பித்தார். "கை கழுவ இடம் வேணுங்கிறான். ரத்தம் பட்ட பஞ்சைத் தனியாப் போடச் சொல்றான். என்ன வாங்குறேன்னு வெளிய எழுதி மாட்டுங்கிறான். ஸ்ட்ரெச்சர் உள்ள வரணுங்கிறான். இதுல எதுப்பா தப்பு? இத்தினி வருசம் யாரும் கேக்கலையேன்னுதான் நமக்கு ரோசம் வரணும்."

அவருக்கு ரோசம் வந்தது உண்மை. ஆனால் எங்கள் கட்டடம் ஆஸ்பத்திரிக்காகக் கட்டியது அல்ல. புளி மூட்டை அடுக்குவதற்காக ஒரு விவசாயக் குடும்பம் எழுப்பிய கிடங்கு. மழைக்காலத்தில் சுவரை மோந்து பார்த்தால் இன்னும் புளி வாசம் வரும். ஆய்வுக்கு வந்த ஆபீசர் ஒல்லியான மனிதர், சிரிக்காதவர், சட்டைப்பையில் டேப் வைத்திருந்தார். எல்லா இடத்தையும் பொறுமையாகப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். பிரசவ அறை சுத்தமாக இருக்கிறது என்று அவரே சொன்னார். பிறகு இரண்டு விஷயத்தில் கையை வைத்தார். கூடத்தில் ஐந்து படுக்கை போட்டிருக்கிறீர்கள், இருக்கிற இடத்துக்கு மூன்றுதான் போடலாம். அது ஒன்று. இன்னொன்று வாசல். டேப்பை நிலைக்குக் குறுக்கே பிடித்தபோது அவர் விரல் அந்தப் பள்ளத்தில் பட்டது. "இது என்னம்மா?" என்றார். டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். ஆபீசர் அளவைத் தாளில் குறித்துக்கொண்டார். பிறகு, "இந்த வாசலோட நான் பதிவு கொடுக்க முடியாதும்மா. அடுத்த தடவ வர்றப்ப சரியா இருந்தாக் கொடுக்கிறேன். இல்லேன்னா பிரசவம் பாக்கிறத நிறுத்திடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிரசவம் நின்றால் மலையோரத்துப் பெண்கள் பென்னாகரத்துக்குப் போகவேண்டும், இல்லையென்றால் தர்மபுரிக்கு. வாய்க்கால் ஓரத்திலும் ரோட்டோரத்திலும் எத்தனையோ பிள்ளை பிறந்திருக்கிறது அந்தப் பக்கத்தில். எல்லாமே உயிரோடு வீட்டுக்குப் போனது என்று சொல்ல முடியாது. டாக்டரம்மா அன்று சாப்பிடவில்லை. கோட்டுப் பையிலிருந்து கடலையை எடுப்பதும், திரும்பப் பையில் போடுவதுமாக இருந்தார்.

வாசலை உடைத்துப் பெரிதாக்கினால் போயிற்று என்றுதான் நான் நினைத்தேன். கட்டடத்தின் சொந்தக்காரரை நாங்கள் கட்டடக்காரர் என்போம், அவரிடம் போய்க் கேட்டோம். எழுபது வயது, வெள்ளை வேட்டி, டாக்டரம்மாமேல் நல்ல மரியாதை உண்டு. அவருடைய பேரப்பிள்ளைகளே அங்கே பிறந்ததுதான். ஆனால் நிலை என்றதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "வேற எது வேணா கேளுங்கம்மா. எங்கப்பாரு நல்ல நேரம் பாத்து வச்ச நெலைங்க. மஞ்சத்துணியில நவதானியம் கட்டி, அதும்மேல நெறுத்துனது. அதப் பேத்தா குடும்பத்துக்கு ஆவாதுங்க." நான் ஏதோ எதிர்த்துப் பேச வாயெடுத்தேன். டாக்டரம்மா என் காலை மிதித்தார், ஆறின காலைத்தான். "நெலையத் தொட வேணாம். அது அங்கயே இருக்கட்டும். கெழக்குச் செவுத்துல புதுசா ஒரு வாசல் வச்சிக்கிறோம். அதுக்கும் நீங்களே நல்ல நேரம் பாத்துக் குடுங்க" என்றார். கட்டடக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பிடிச் சொல்லுங்க, இதுல என்ன இருக்குது!" அதற்குப் பிறகு அந்தக் கிழக்கு வாசலே தன்னுடைய யோசனை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். டாக்டரம்மா மறுத்ததில்லை.

சுவரை வெட்டுவது என் வேலை. கருங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய தடித்த சுவர், மேலே பாரம் இருக்கிறது. அவசரப்பட்டால் கூரையே உட்காரும். பனங்கட்டையால் முட்டுக் கொடுத்து, மேலே கல்பலகை ஏற்றி, அதற்குக் கீழே ஒவ்வொரு கல்லாக உருவவேண்டும். ஆபீசர் சொன்ன அகலத்தைச் சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டேன். டாக்டரம்மா வந்து பார்த்தார். "இது யாரு அளவு?" என்றார். ஆபீசர் சொன்ன ஸ்ட்ரெச்சர் அளவு என்றேன். "நம்ம ஆளுங்க ஸ்ட்ரெச்சர்லயாய்யா வராங்க?" என்று கேட்டுவிட்டு, டீக்கடை முன்னால் கிடந்த கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவரச் சொன்னார். டீக்கடைக்காரர் அதில் படுத்திருந்தார். அவரை எழுப்பித்தான் தூக்கினோம். சுவருக்கு எதிரே கட்டிலைப் பிடித்துக்கொண்டு நானும் இன்னொருவனும் நின்றோம். "இப்பிடித் தூக்கிட்டு வர்றப்ப ரெண்டு பக்கமும் கை இடிக்கக் கூடாது. அவசரத்துல தடுமாறி வந்தாலும் இடிக்கக் கூடாது. அங்க கோடு போடு." கோடு சட்டம் கேட்டதைவிட நன்றாகவே தள்ளி விழுந்தது. படியே இல்லாமல் தரையோடு தரையாகச் சரிவு வைத்தோம். பழைய நிலையின் கீழ்ப்பாதியைச் செங்கல் வைத்து அடைத்து, மேல்பாதியை ஜன்னலாக்கினோம். நிலை அசையவேயில்லை. பின்பக்கத்தில், கூட வருகிறவர்கள் மழையில் நனையாமல் இருக்க ஒரு தகரக் கொட்டகையும், அதற்குப் போக அதே அகலத்தில் ஒரு பின்கதவும் போட்டோம்.

சட்டம் சொன்னபடி இரண்டு இரும்புக் கட்டிலையும் குறைக்கவேண்டியிருந்தது. காரிமங்கலம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் கட்டில் தேவை என்று கேள்விப்பட்டு, டாக்டரம்மா அவற்றை அங்கே கொடுத்தனுப்பினார். நான்தான் டெம்போவில் ஏற்றிக் கொண்டுபோனேன். அன்றைக்குப் பார்த்துப் பென்னாகரத்தில் சந்தை நாள். கூட்டத்துக்கு நடுவில் டெம்போ ஊர்ந்து போனது. சந்தைக்கு வந்திருந்த எங்கள் பக்கத்துப் பெண்கள் சிலர் வண்டியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், கட்டிலைப் பார்த்தார்கள். நான் கையசைத்தேன். அவர்கள் அசைக்கவில்லை. எனக்கு அது அப்போது பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் அவர்கள் ஊரில் போய் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரிச் சுவரை இடித்துப் போட்டிருக்கிறார்கள். கட்டில்கள் வண்டியேறிப் போகின்றன. செலவுக்கு வழியில்லாமல் டாக்டரம்மா கட்டிலை விற்கிறார். ஆபீசர் வந்து கட்டில் இல்லாத ஆஸ்பத்திரியைப் பார்த்தால் மூடிவிடுவார். ஆஸ்பத்திரிக்குக் கட்டில் அதிகமாக இருப்பதும் ஒரு குற்றமாக முடியும் என்று யாருக்குத் தோன்றும்?

ஆபீசர் இரண்டாவது தடவை வந்தது வெயில் ஏறிய காலை நேரம். மூன்று கட்டில், மூன்று வெள்ளை விரிப்பு, புது வாசலில் மாவிலை. கட்டடக்காரர் சந்தனம் பூசிக்கொண்டு, வாசலை வைத்தவரே தான் என்ற தோரணையில் நின்றார். ஆபீசர் டேப்பை வெளியே எடுத்தார். அப்போது தூரத்தில் பம்பை மேளச் சத்தம் கேட்டது. பக்கத்தில் ஏதோ கல்யாணம் என்று நினைத்தோம். சத்தம் நெருங்கியது. ரோட்டுத் திருப்பத்தில் ஒரு டிராக்டர் தெரிந்தது. அதன் டிரெய்லர் நிறையக் கயிற்றுக் கட்டில்கள். எல்லாம் புதுக் கயிறு முடைந்தவை. ஒவ்வொரு காலுக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. முன்னால் பெண்கள் வரிசையாகத் தாம்பாளம் ஏந்தி வந்தார்கள். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, ஒரு பச்சைப் பட்டுப்புடவை. சீர்வரிசை.

முன்னால் வந்தவளை எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. பழைய வாசலில் நிலைக்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண். கூடவே, அன்று பிறந்து இப்போது ரெட்டைச் சடை போட்ட அவள் மகள். "டாக்டரம்மா, ஒண்ணும் யோசிக்காதீங்க. பொறந்த வூட்டுல ஆளில்லன்னா என்னா, நாங்க இல்லியா? எங்களுக்கு இது அம்மா வூடு. ஒங்களுக்கு நாங்க பொறந்த வூடு. எங்க சீர எடுத்துக்குங்க. எத்தினி கட்டிலுன்னாலும் ஆபீசரு வந்து எண்ணிக்கட்டும்!" பின்னாலிருந்து ஒரு கிழவர், "எண்ணி முடிக்கிறதுக்குள்ள அவருக்கே ஒண்ணு தேவப்படும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆபீசர் சிரிக்கவில்லை.

"என்னம்மா இது? ரெண்டு கொறைக்கச் சொன்னா டிராக்டர்ல எறக்குறீங்க?" என்றார். கட்டடக்காரர் என் காதில், "போச்சுடா, திருப்பி அனுப்பச் சொல்லுடா" என்று நடுங்கினார். சொல்லிவிட்டு அவரே, "அய்யோ, சீரத் திருப்பக் கூடாதே" என்றும் சொன்னார். அதுதான் சிக்கல். எங்கள் பக்கத்தில் வந்த சீரை வாசலோடு திருப்பினால் உறவு வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. உள்ளே எடுத்தால் பதிவு போகும். திருப்பினால் இத்தனை ஊரும் போகும். டாக்டரம்மா அந்தப் பச்சைப் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டார். பிறகு ஆபீசரிடம் திரும்பி, பழைய டாக்டரம்மா குரலில் சொன்னார். "கட்டில் உள்ள வரும் சார். ஆனா நிக்காது."

எங்களுக்குப் புரிந்துவிட்டது. நான் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டேன். ஆஸ்பத்திரி ஆயாம்மா ஆரத்தி கரைத்தாள். டாக்டரம்மா பட்டுப்புடவையை இரண்டு கையாலும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு புது வாசலில் நின்றார். முதல் கட்டில் வந்தது. நான்கு பேர் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே போனார்கள். சாய்க்கவில்லை. கை எங்கேயும் இடிக்கவில்லை. கூடத்தைக் கடந்து, பின்கதவு வழியாகக் கொட்டகைக்குப் போய் இறங்கியது. இரண்டாவது கட்டில். மூன்றாவது. பம்பைக்காரர்கள் அடிகூட்டினார்கள், தூக்கியவர்கள் அந்த அடிக்கு ஆடிக்கொண்டே வந்தார்கள். ஆடிக்கொண்டு வந்தும் வாசலில் ஒரு கட்டில்கூட உரசவில்லை. ஆபீசர் விரித்த டேப்போடு ஒதுங்கி நின்று பார்த்தார். கடைசிக்கு முந்தின கட்டிலில் ஒரு விளையாட்டுப் பயல் தாவி ஏறி, வலி வந்தவன் போலக் கத்திக்கொண்டே உள்ளே போனான். அப்போதுதான் ஆபீசர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். "ஸ்ட்ரெச்சர் கொண்டாரச் சொல்லிப் பாக்கணும்னு நெனச்சேன். வேணாம்" என்றார்.

பின்பக்கம் போய்க் கொட்டகையையும் பார்த்தார். ஒரு கட்டிலில் உட்கார்ந்து கயிற்றை அழுத்திப் பார்த்தார். "இதுல நோயாளி படுக்க மாட்டாங்க. கூட வந்தவங்க உக்கார்ற எடம். அப்படித்தானே?" என்று கேட்டார். "ஆமாங்க சார்" என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். டிராக்டர் ஓட்டி வந்தவனும் சொன்னான். கூடத்தில் மூன்று படுக்கை என்று எழுதிக்கொண்டார். டாக்டரம்மா கோட்டுப் பையில் கையை விட்டு ஒரு கை கடலையை எடுத்து அவருக்கு நீட்டினார். ஆபீசர் முழித்தார், பிறகு வாங்கிக்கொண்டார். ஜீப்பில் ஏறும்போது தின்றுகொண்டேதான் ஏறினார்.

பதிவுச் சான்றிதழ் வந்தபோது அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் புது வாசலுக்கு நேரெதிரே மாட்டினேன். அன்றைக்கு டாக்டரம்மா அந்தப் பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தார். அதன்மேல் கோட்டையும் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நோயாளி பார்த்தார். வந்தவர்களெல்லாம் அதிசயமாகப் பார்க்க, "என்ன பாக்கிற? என் பொறந்த வூட்டுச் சீரு" என்று சொல்லிவிட்டு நாக்கை நீட்டச் சொன்னார். நான் அதற்கப்புறம் கொஞ்ச காலம்தான் இருந்தேன். ஒரே ஊரில் நின்று பழகாத கால் எனக்கு. போகிறேன் என்றதும் டாக்டரம்மா தடுக்கவில்லை. "போ. ஆனா கால்ல எதுனா விழுந்தா சிமெண்டுக்காரன்கிட்ட போவாத" என்றார்.

போன மாதம் ஓசூரிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு வந்தவன், வண்டியைத் தர்மபுரியில் விட்டுவிட்டு ஏரியூர் பஸ் பிடித்தேன். கொட்டகை ஓட்டுக் கூரையாகியிருந்தது. கட்டில்களில் ஆட்கள் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். கயிறுகள் மட்டும் மாறியிருந்தன. மலையோரத்துக்கெல்லாம் இப்போது ரோடு போட்டிருக்கிறார்கள். நான் நிற்கும்போதே ஒரு ஆம்புலன்ஸ் வந்தது. அதிலிருந்து ஒரு பெண்ணைச் சக்கரம் வைத்த ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். வாசலைத் தாண்டும்போது அவர்களில் யாரும் நடையைக்கூடக் குறைக்கவில்லை. அப்படி ஒரு வாசல் இருப்பதையே அவர்கள் கவனிக்கவில்லை.

பழைய நிலை ஜன்னலாக அப்படியே இருக்கிறது. பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தேன், விரல் நுனி முழுக்க உள்ளே போனது. பிறகு புது வாசலுக்கு வந்தேன். இத்தனை வருஷத்தில் எத்தனை கட்டில், எத்தனை ஸ்ட்ரெச்சர் போயிருக்கும். இடுப்பு உயரத்தில் இரண்டு பக்கமும் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தேன். ஒரு கீறல்கூட இல்லை. மழமழவென்றிருந்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. கொஞ்சம் தளர்ந்த குரல், ஆனால் அதே அதட்டல். "யாருய்யா அது, செவுத்தத் தடவுறது? வெலைக்குக் கேக்கப் போறியா?" பிறகு எட்டிப் பார்த்த டாக்டரம்மாவின் கண்ணாடி மேலேறியது. "அட, நீயா. உள்ள வா. கால் எப்பிடி இருக்கு?"